எப்சிபாவுக்கு நான் வேலை போட்டுக் கொடுத்தது

அண்ணாச்சி, மதுரை வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் மதுரைதான். இல்ல, இல்ல, நீங்க பேப்பரைப் படிங்க, நான் தொந்தரவு பண்ண மாட்டேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிக்கிடுதேன், இல்லைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் மேடை ஏறுதேன். சும்மா கோயில் கொடைக்குப் போடுத மேடை இல்ல, மாநாட்டு மேடை. நூலகர்கள் மாநாடு. மைக்கு, பூங்கொத்து, எம் பேரு அடிச்ச அட்டை எல்லாம் வச்சிருப்பாங்களாம். காலைல சட்டையை மூணு வட்டம் மாத்திட்டேன். கால் தரையில படல, பாத்துக்கிடுங்க.

எம் பேரு குற்றாலலிங்கம். பாளையங்கோட்டையில சௌந்தரவல்லி அம்மாள் நினைவு நூலகம்னு ஒண்ணு இருக்கு, அதுல நான்தான் தலைமை நூலகர். இருபத்தொம்பது வருஷ சர்வீஸ். அரசாங்க லைப்ரரி இல்ல, ஒரு டிரஸ்ட் நடத்துது.

அந்தா, எதுத்த சீட்டுல ஜன்னலோரமா ஊதா சேலை கட்டி உக்காந்திருக்கே, அதுதான் எப்சிபா. எங்க லைப்ரரியிலதான் வேலை பாக்கு. நான் போட்டுக் கொடுத்த வேலை. அந்தக் கதையைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்க ஒண்ணும் சங்கடப்பட வேண்டாம், அந்தப் புள்ளைக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது. நாம என்ன வேணும்னாலும் பேசலாம். பாத்தீங்களா, நான் பேச ஆரம்பிச்சதும் திரும்பி என் மூஞ்சியைப் பாக்கு! மரியாதை, அண்ணாச்சி. நான் பேசும்போதெல்லாம் என் வாயையேதான் பாத்துட்டு இருக்கும். காது கேக்குத புள்ளைகள் எது இந்தக் காலத்துல அப்படி இருக்கு, சொல்லுங்க?

மாநாட்டுல தலைப்பு என்னன்னா, நூலக வேலைக்குப் பலதரப்பட்டவங்களை எடுக்கது எப்படிங்கறது. எல்லா வகை ஜனமும் வாற இடத்துல வேலை பாக்குதவங்களும் எல்லா வகையாவும் இருக்கணும்ங்காங்க. இதுல தமாஷ் என்னன்னா, எங்க லைப்ரரியில அது எப்பவோ இருந்துச்சு. முன்னாடி நாங்க அஞ்சு பேரு. நானு. எங்க பெரியப்பா மகன் சங்குமுத்து. எங்க அக்கா மாப்பிள்ளை, அத்தான். எதுத்த வீட்டு ஆவுடையப்பன். அப்புறம் ஆவுடையப்பனோட மைனி, அவன் அண்ணன் பொண்டாட்டி. எல்லாரும் ஒரே தெருதான், ஆனா எவ்வளவு வித்தியாசம்ங்கீங்க! சங்குமுத்து முட்டையைக் கூடத் தொட மாட்டான், அத்தான் முட்டை வரைக்கும் போவாவ. ஆவுடையப்பனுக்குக் காப்பி, மைனிக்கு டீ. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தே போகாது. இதுக்கு மேல என்ன பலதரப்பு வேண்டிக் கிடக்கு?

வெளியாளை எடுக்கக் கூடாதுன்னு நாங்க ஒரு நாளும் நெனைச்சதில்ல, பாத்துக்கிடுங்க. ஒவ்வொரு தடவையும் முறைப்படி விளம்பரம் போடுவோம். எங்க நோட்டீஸ் போர்டுல, முழுசா ஏழு நாளு. போர்டு பழைய பேப்பர் அடுக்குத பீரோவுக்குப் பின்னால இருந்துச்சு, அதுக்கு நாங்க என்ன செய்ய? ஏழு நாளும் ஒரு விண்ணப்பம் வராது. கடைசி நாளு சாயங்காலம் எங்க தெருவுல ஒருத்தன் போடுவான். வேற ஆளே இல்லையேன்னு அவனையே எடுத்துருவோம். மத்த ஜனத்துக்குப் புஸ்தகத்து மேல ஆர்வமே இல்லையேன்னு நான் எத்தனை நாள் மனசு வருத்தப்பட்டிருக்கேன் தெரியுமா?

அத்தான் ரிட்டையர் ஆனாவ. ஒரு இடம் காலி. அந்த இடத்தை என் சகலை கோமதிநாயகத்துக்குன்னு வாக்குக் கொடுத்துட்டேன். சகலைன்னா, என் வீட்டுக்காரி உலகம்மையோட தங்கச்சி மாப்பிள்ளை. ஜெராக்ஸ் கடை வச்சான், போட்டோ ஸ்டூடியோ வச்சான், எல்லாம் ஊத்தி மூடியாச்சு. உலகம்மை, "ஒங்க அக்கா மாப்பிள்ளைக்கு வேலை போட்டீயல்லா, எந் தங்கச்சி மாப்பிள்ளைக்குப் போட மாட்டீயளோ?"ன்னு கேட்டா. நியாயம்தான, அண்ணாச்சி?

அந்த நேரம் பாத்து டிரஸ்டுக்குப் புதுசா ஒரு மேடம் வந்தாவ. சங்கரி மேடம். நூலகம் கட்டுனவங்க வழியில வந்தவங்க, பெங்களூருல பெரிய உத்தியோகத்துல இருந்துட்டு வந்தாவ. ஸ்டாஃப் பட்டியலைப் பாத்தாவ. அஞ்சு பேருக்கும் விலாசத்துல கதவு நம்பர் மட்டுந்தான் வேற. "குற்றாலலிங்கம் சார், இது லைப்ரரியா, உங்க வீட்டு விசேஷமா?"ன்னு கேட்டாவ. நான் முட்டை விஷயம், காப்பி விஷயம் எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவங்க தலையில கையை வச்சிட்டு உக்காந்துட்டாவ. புரிஞ்சிட்டுதுன்னு நெனைச்சேன்.

மறுவாரம் பாத்தா, விளம்பரம் பேப்பர்ல வந்திருக்கு! பேப்பர்ல மட்டுமில்ல. சர்ச்சு, பள்ளிவாசல், பீடிக்கம்பெனி, ரேஷன் கடை, காது கேளாதவங்க பள்ளிக்கூடம், கண் தெரியாதவங்க பள்ளிக்கூடம், ஒண்ணு பாக்கி இல்லாம நோட்டீஸ் ஒட்டியிருக்காவ. எண்பத்து மூணு விண்ணப்பம் வந்துது. எண்பத்து மூணு! இத்தனை பேரும் இத்தனை நாளா எங்கன கெடந்தாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

இன்டர்வியூவுக்கு மூணு பேரு உக்காந்தோம். சங்கரி மேடம், ஒரு ரிட்டையர்டு புரொபசர், நானு. சகலையும் வந்தான், புதுச் சட்டை எல்லாம் போட்டு. "புஸ்தகத்தை எப்படி அடுக்குவீங்க?"ன்னு மேடம் கேட்டாவ. அந்த வெளங்காத மூதி, "உயரப்படி"ன்னான். "உயரமானது பின்னால, குட்டையானது முன்னால, குரூப் போட்டோ மாதிரி"ன்னான். புரொபசர் சிரிச்ச சிரிப்புல அவரு பல்செட்டு கழண்டு மேசையில விழுந்துட்டு. சகலை அவுட்.

கடைசியா ரெண்டு பேரு மிஞ்சுனாங்க. நாகூர்ல இருந்து வந்த ஒரு ஆளு, ரெண்டு பட்டம், அஞ்சு பாஷை. அப்புறம் எப்சிபா. அதுவும் லைப்ரரி சயின்ஸ் படிச்சிருந்துச்சு. நூறு புஸ்தகத்தைக் கலைச்சுப் போட்டு அடுக்கச் சொன்னோம், அது ஒம்போது நிமிஷத்துல அடுக்கி முடிச்சிட்டு என்னைப் பாத்துச்சு. நான் எங்கயோ பாத்தேன்.

இப்ப நீங்க என் மூளையைக் கவனிக்கணும், அண்ணாச்சி. வேலையில சேருதவங்களுக்கு முதல் ஆறு மாசம் சோதனைக் காலம். ஆறு மாசம் கழிச்சு தலைமை நூலகர், அதாவது நான், அறிக்கை எழுதணும். சரியில்லைன்னா அனுப்பிரலாம். நாகூர்க்காரன் உள்ள வந்தான்னா முப்பது வருஷம் அசைய மாட்டான். எப்சிபா? காது கேக்காத புள்ள, லைப்ரரியில எப்படித் தாக்குப் பிடிக்கும்? ஆறே மாசம். இடம் மறுபடியும் காலி. அதுக்குள்ள சகலைக்கு அடுக்கச் சொல்லிக் கொடுத்துரலாம். எப்படி?

எந்திரிச்சு நின்னேன். எப்சிபாவுக்காகப் பேசுனேன் பாருங்க, நாப்பது நிமிஷம்! மனிதாபிமானம்னேன், சம வாய்ப்புன்னேன். எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்டு. சங்கரி மேடம் என் கையைப் பிடிச்சிட்டு, "சார், உங்களைத் தப்பா நெனைச்சிட்டேன்"னாவ. பரவாயில்லை மேடம், எல்லாரும் முதல்ல அப்படித்தான் நெனைப்பாங்கன்னேன். இப்படித்தான் நான் எப்சிபாவுக்கு வேலை போட்டுக் கொடுத்தது.

மணியாச்சி வந்துட்டு போல. வடை வாங்குவோமா? வேண்டாமா? சரி.

ஏன் தாயி சிரிக்க? ஒண்ணுமில்லையாம். வெளிய ஆடு மேயுததைப் பாத்து சிரிக்கும். நல்ல புள்ள.

வேலையில சேந்த அன்னைக்கே என் மேசைக்கு நேர் எதுத்த மேசையைக் கொடுத்தேன். அதுல ஒரு வசதி என்னன்னா, சாயங்காலம் அஞ்சரைக்கு நான் சகலைகிட்ட போன்ல பேசுவேன். சங்குமுத்து, ஆவுடையப்பன் முன்னாடி பேசுனா தெரு முழுக்கப் போயிரும். எப்சிபா முன்னாடின்னா பயமே இல்ல. முதல் நாளே சொன்னேன்: "எப்பா, பாவம் அந்தப் புள்ள. நாளைக்குக் கவுண்டர்ல போடுதேன். ஆளுக வந்து வாயாலதான் கேப்பாங்க, அதுக்கு ஒண்ணும் விளங்காது. அதுவாப் போயிரும்"னு.

மறுநாள் காலைல பாக்கேன், எப்சிபா ஒரு கட்டு வெள்ளைத் தாளும் பத்துப் பென்சிலும் கொண்டாந்திருக்கு. பென்சில் எல்லாத்தையும் கவுண்டர்ல நூல் போட்டுக் கட்டியாச்சு. ஒரு அட்டையில, "வேண்டியதை எழுதுங்க. எழுத வராதா? வரைங்க"ன்னு எழுதி மாட்டியாச்சு. கவுண்டர்ல போடப்போறேன்னு நான் யாருகிட்டயும் மூச்சு விடல, அதுக்கு எப்படித்தான் தோணுச்சோ! சில பேருக்கு அப்படி ஒரு உள்ளுணர்வு.

அந்தத் தாளுதான் எங்களைத் தூக்கிப் போட்டுட்டு, அண்ணாச்சி. முன்னாடி ஒரு ஆளு வந்து ஒரு புஸ்தகம் இருக்கான்னு கேப்பான், ஆவுடையப்பன் இல்லைம்பான், ஆளு போயிருவான். கேட்டது காத்தோட போச்சு. இப்ப கேக்குததெல்லாம் தாள்ல நிக்கு. ரெண்டு மாசத்துல அறுநூறு தாளு. எப்சிபா அதை எல்லாம் வகை பிரிச்சு என் மேசையில வச்சிச்சு. டூவீலர் மெக்கானிக் புஸ்தகம் இருக்கான்னு எழுபது பேரு, நர்ஸு பரீட்சைக்கு அம்பது பேரு. எங்ககிட்ட என்ன இருந்துச்சு? ஒரே தலைவரோட வாழ்க்கை வரலாறு பதினாலு.

ஒரு அம்மா. ஆடு வளக்குதவங்க. மழைக்கு எங்க வராந்தாவுல நாலு வருஷமா ஒதுங்கி நின்னுருக்காங்க, ஒரு நாளும் உள்ள வந்ததில்ல. அன்னைக்கு வந்தாங்க. பென்சிலை எடுத்து ஒரு ஆடு வரைஞ்சாங்க. வயிறு உப்புன ஆடு. எப்சிபா ஓடிப் போய் கால்நடை வைத்தியப் புஸ்தகத்தை எடுத்துட்டு வந்து, அங்கன இருந்த ஒரு காலேஜ் புள்ளைகிட்ட கொடுத்து வாசிக்கச் சொல்லிச்சு. ஆடு பொழைச்சிட்டு. மறுநாள் அந்த அம்மா கூட ஆறு பேரு வந்தாங்க. இப்ப எங்க கவுண்டர்ல வந்து பாத்தீங்கன்னா கோழி, தையல் மெஷின், மூக்கு வடியுத புள்ள, எல்லாம் படமாக் கெடக்கும்.

எனக்கு எரிச்சல்தான். இது நம்ம திட்டத்துல இல்லையே. வீட்டுல உலகம்மை ரசத்துல உப்பை நிறுத்திட்டா. உப்பில்லாத ரசம் எத்தனை நாளைக்குக் குடிப்பீங்க? அவளைச் சமாதானப்படுத்த ஒரு வேலை பண்ணினேன். ஆறு மாச அறிக்கையை அன்னைக்கே எழுதிட்டேன். "இவரால் வாசகர்களோடு தொடர்பு கொள்ள இயலவில்லை. பணியில் தொடரப் பரிந்துரைக்கவில்லை." சோதனைக் காலம் முடியுத தேதியைப் போட்டு, கையெழுத்தையும் போட்டு, உலகம்மை கையில கொடுத்தேன். சாமி படத்துக்குப் பின்னால வச்சா. மறுநாள் கூட்டாஞ்சோறு.

அப்புறம் ரெண்டாவது அஸ்திரம். ஸ்டாக் செக்கிங். இருப்புச் சரிபாக்கது. எங்ககிட்ட நாப்பதாயிரம் புஸ்தகம். ஒருத்தர் பேரேட்டைப் பாத்து நம்பரைக் கத்தணும், அலமாரிகிட்ட நிக்குதவரு தேடிப் பாத்துட்டு "இருக்கு"ன்னு கத்தணும். வருஷா வருஷம் மூணு வாரம் லைப்ரரியை மூடிட்டுக் கத்துவோம். அஞ்சரைக்கு சகலைக்கு போன் போட்டேன்: "திங்கக்கெழமை ஸ்டாக் செக்கிங். இதுல மாட்டிக்கிடும்"னு.

திங்கக்கெழமை காலைல எப்சிபா தன்னோட படிச்ச ஏழு பேரைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிக்கு! எல்லாருக்கும் காது கேக்காது. அலமாரிக்கு ஒருத்தரா நின்னாங்க. நடுவுல ஸ்டூல்ல ஏறி நின்னு எப்சிபா விரலாலயே நம்பர் போடுது, அந்தக் கோடியில இருந்து பதிலும் விரலாலயே வருது. சத்தமே இல்ல. சத்தம் இல்லைன்னதும் லைப்ரரியை மூடவே வேண்டாமேன்னு ஆச்சு, வாசகர்கள் பாட்டுக்குப் படிச்சிட்டு இருக்காங்க. நாலே நாளு, அண்ணாச்சி! மூணு வாரச் சோலி நாலு நாள்ல முடிஞ்சிட்டு. பரீட்சைக்குப் படிக்குத பயலுக மத்தவனுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு சமையல் புஸ்தகத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சதெல்லாம் கூட வெளிய வந்துட்டு.

அந்த நாலு நாள்லதான் என் தலையெழுத்து மாறுச்சு. பேரேட்டை வாசிக்குதது நானுல்லா? எப்சிபா எனக்கு விரல்ல நம்பர் சொல்லிக் கொடுத்துச்சு. நாலாவது நாள் மத்தியானம், நான் சும்மா விளையாட்டுக்கு அஞ்சு விரலைக் காட்டி, இட்லி மாதிரி வட்டம் போட்டு, வயித்தைத் தட்டிக் காட்டுனேன். காலைல அஞ்சு இட்லின்னு. அது விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. ஒம்போது விரலைக் காட்டிட்டு, தன்னையே தொட்டுக் காட்டுச்சு.

எனக்கு என்னமோ ஆயிட்டு, அண்ணாச்சி. நீங்க இவ்வளவு நேரம் பாக்கீங்களே, நான் எப்படிப்பட்ட ஆளு? பேசாம இருக்க முடியுமா என்னால? எங்கம்மா, "இவன் தூங்கும்போதுதான் வீட்டுல சத்தம் இருக்காது"ம்பா. அப்படிப்பட்டவனை "அமைதி காக்கவும்"னு போர்டு மாட்டுன எடத்துல இருபத்தொம்பது வருஷம் உக்கார வச்சா? எத்தனை கதை தொண்டையிலேயே செத்துப் போச்சு! இப்ப ஒரு பாஷை கெடைச்சிருக்கு, எவ்வளவு பேசுனாலும் சத்தமே வராது. நான் விடுவனா? மறுநாள்ல இருந்து எப்சிபாகிட்ட உக்காந்து படிச்சேன். ரெண்டு மாசத்துல கோர்ட்டுல சாட்சி சொல்லுத அளவுக்கு வந்துட்டேன். காலைல ஒம்போதுக்கு ஆரம்பிச்சா மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் கையை எறக்குவேன். தோள்பட்டை வலிக்கு எண்ணெய் தடவுதேன் இப்பவும்.

நான் மட்டுமில்ல, லைப்ரரியே கோட்டி பிடிச்சு அலையுது. எப்சிபாவோட கூட்டாளிக சாயங்காலம் முப்பது பேரு வாறாங்க. அவங்களைப் பாத்து மத்தவங்களும் படிச்சிட்டாங்க. ரிட்டையர்டு தாசில்தாரும் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரும் அரசியல் பேசினதுக்கு நான் பதினேழு தடவை வெளிய அனுப்பியிருக்கேன். இப்ப ரெண்டு பேரும் எதுத்தெதுத்தாப்புல உக்காந்து கையாலயே சண்டை போடுதாங்க. மேசையில இருக்க தாளெல்லாம் பறக்கும். வாய் விட்டுக் கத்தினாத்தான தப்பு? எந்த விதியில போய் அனுப்புதது?

அவங்க ஆளுகளுக்கு எல்லாம் ஒரு கைப்பேரு உண்டு. எனக்கும் ஒண்ணு வச்சாங்க. இந்தா, இப்படி, வாய்க்குப் பக்கத்துல விரல் அஞ்சையும் சேத்து சேத்து விரிக்கணும், பட பட படன்னு. நல்வாக்குச் சொல்லுதவருன்னு அர்த்தமாம். நான் உள்ள நுழைஞ்சா முப்பது கையும் ஒண்ணு போல இப்படிப் போகும். எனக்குப் புல்லரிச்சிரும்.

கோவில்பட்டியே தாண்டிட்டா? பேசிட்டே இருந்ததுல தெரியல.

இந்தச் சந்தோஷத்துல சாமி படத்துக்குப் பின்னால இருந்த தாளை நான் சுத்தமா மறந்துட்டேன். சகலை மறக்கல. ஆறு மாசம் முடிஞ்ச அன்னைக்கு, அதை எடுத்துட்டு நேரா சங்கரி மேடம் வீட்டுக்கே போய், "சார் கொடுக்கச் சொன்னாரு"ன்னு கொடுத்துட்டான். எப்சிபா வேலையை முடிவு பண்ண கூட்டம் நடக்கு. மேடம், புரொபசர், நானு. எப்சிபா வெளிய கவுண்டர்ல இருந்துச்சு, நடுவுல கண்ணாடிக் கதவு. நல்லவேளை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவும் கேக்காது. மேடம் தாளை எடுத்து வாசிச்சாவ. "வாசகர்களோடு தொடர்பு கொள்ள இயலவில்லை." என் கையெழுத்து. என் கோழிக் கிறுக்கலு எனக்குத் தெரியாதா?

அன்னைக்கு எப்சிபா போயிருந்தா, அண்ணாச்சி, நான் திரும்ப வாயை மூடிட்டு உக்காரணும். அது ஒண்ணு. ஆனா அது மட்டுமில்ல. கண்ணாடி வழியாப் பாக்கேன், அந்த ஆட்டுக்கார அம்மாவுக்கு அது பேரு எழுதச் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கு. இந்தப் புள்ள இல்லாம இந்த எடத்தை என்னால நெனைச்சே பாக்க முடியலையே, நானா இப்படி எழுதுனேன்?

"மேடம், கையெழுத்து என்னுதுதான், ஆனா இது... தப்பா ஒரு அறிக்கை எழுதுனா எப்படி இருக்கும்னு மாதிரிக்கு எழுதிப் பாத்தது"ன்னேன். புரொபசர் என்னையே பாத்தாரு. மேடமும் பாத்தாவ. நான் அதுவரைக்கும் சேந்த தாளு அத்தனையையும் அள்ளிட்டு வந்து மேசையில கொட்டுனேன். கோழி, ஆடு, தையல் மெஷின். முன்னாடி இருந்த உறுப்பினர் எத்தனை, இப்ப எத்தனைன்னு காட்டுனேன். பேசப் பேச எனக்கு வாயால வரல, கை தன்னால பேச ஆரம்பிச்சிட்டு. அந்த அறைக்குள்ள கை பேச்சு தெரிஞ்ச ஆளு யாருமே இல்ல. மேடம் சிரிச்சிட்டாவ. புது அறிக்கையை அங்கனயே எழுத வச்சாவ. வேலை நிரந்தரம். கொஞ்ச நாள்ல ஆவுடையப்பன் மைனி ரிட்டையர் ஆகவும், அந்த நாகூர்க்காரரையும் கூப்பிட்டு எடுத்தாச்சு. தங்கமான மனுஷன்.

சகலை இப்ப என்கூடப் பேசுததில்ல. உலகம்மை பேசுதா. ரசத்துல உப்பு போடுதா. ஆனா உறைப்பு கொஞ்சம் கூடி இருக்கு.

இந்தத் திட்டம், போன், சாமி படத்துப் பின்னால இருந்த தாளு, இது எதுவும் எப்சிபாவுக்குத் தெரியாது, அண்ணாச்சி. தெரியவும் கூடாது. என்னை அது தெய்வமா நெனைச்சிட்டு இருக்கு. இந்த உலகத்துலயே முதல் ஆளா உங்ககிட்டதான் மனசு விட்டுச் சொல்லுதேன்.

அப்புறம்தான் மாநாட்டுக் கடுதாசி வந்துச்சு. பேச வேண்டியது எப்சிபா. அது கையால பேசும், அதை நான் வாயால பேசணும். அவங்க வேற ஆளு ஏற்பாடு பண்ணுதோம்னாங்களாம், எப்சிபாதான் சார்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சாம். என் மேல அவ்வளவு பிரியம். இதுக்குன்னு அவங்க பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தங்க எனக்கு மூணு நாள் பயிற்சி கொடுத்தாங்க. ரெண்டே ரெண்டு விதிதான். கை சொன்னதை வாய் முழுங்கப்படாது. "அவங்க சொல்லுதாங்க"ன்னு சொல்லப்படாது, "நான்"னுதான் சொல்லணும். என்ன பேசப்போகுன்னு எங்கிட்ட இன்னும் காட்டல. ஆச்சரியமா இருக்கட்டும்னு வச்சிருக்கும்.

என்ன தாயி? என்ன? அண்ணாச்சி, உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம். இருங்க, நானே சொல்லுதேன், மத்தியானத்துக்கு ஒரு பயிற்சியா ஆச்சு.

"வணக்கம் அண்ணாச்சி. பேப்பரை மடிச்சு வச்சிட்டு சார் பேச்சைக் கேட்டதுக்கு நன்றி." நல்ல புள்ள, பாத்தீங்களா. "சார் சொன்னதுல ரெண்டு தப்பு இருக்கு." தப்பா? சரி, சொல்லு. "ஸ்டாக் செக்கிங் நாலு நாளு இல்ல, மூணரை." ஆமா, மூணரைதான். நாலுன்னு ஒரு பேச்சுக்கு... ஏ, இது எப்படி... சரி, சரி, விதி, சொல்லுதேன். "இன்னொண்ணு. என்னைக் கவுண்டர்ல போடுததுக்கு முந்தின நாள் போன்ல சார் 'பாவம்'ங்கிற வார்த்தையே சொல்லல. 'ரெண்டே நாள்ல அழுதுட்டு ஓடிரும்'னுதான் சொன்னாரு. நான் எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒதட்டைப் பாத்து வாசிக்க எங்கம்மா சின்ன வயசுலயே எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டாங்க."

அண்ணாச்சி, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்க.

இல்ல, நிறுத்தல தாயி. சொல்லுதேன். "நான் முன்னால பாத்த ரெண்டு ஆபீஸ்லயும் எனக்கு எதிரா என்ன நடக்குன்னு என்னை அனுப்புத அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. எல்லாரும் முதுகைக் காட்டிட்டுப் பேசுவாங்க. இந்த லைப்ரரியில மட்டுந்தான் தினமும் அஞ்சரைக்கு, மறுநாள் எனக்கு என்ன வரப்போகுன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. அதான் தாக்குப் பிடிச்சேன். கண்ணாடிக் கதவு வழியா, சார் கையால எனக்காகப் பேசுனதையும் பாத்தேன். 'இந்தப் புள்ள போயிட்டா நான் யாருகிட்ட பேசுவேன்'னு சார் அழுதாரு. அதை யாரும் மேடத்துக்கும் புரொபசருக்கும் வாயால சொல்லல. இன்னைக்கு மேடையில அந்த போனு, இந்த அழுகை ரெண்டையும் சொல்லப்போறேன். சார் ஒரு வார்த்தை விடாம நானாப் பேசணும்."

திருமங்கலம் வருது. எறங்கி ஓடிரலாமான்னு இருக்கு, அண்ணாச்சி. வெக்கமா இருக்கு, அழுகை வருது, இந்தச் சவத்துச் சிரிப்பும் கூடவே வருது. அதைப் பாருங்க, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கு. ஆறு மாசமும் இப்படித்தான் உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கும் போல.

சரி தாயி. முதல்ல இருந்து சொல்லு. பைய. நீங்களும் கேளுங்க, அண்ணாச்சி.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு எப்சிபா. எனக்குக் காது கேக்காது. எங்க லைப்ரரியில எல்லா வகை ஆளும் வேலைக்கு வரணும்னு சொன்னப்போ, வரவிடாம தடுக்க ராப்பகலாப் பாடுபட்டவரு எங்க தலைமை நூலகர் குற்றாலலிங்கம். இப்ப அவரு வாயாலதான் நான் பேசுதேன்."

சத்தம் போதுமா, அண்ணாச்சி? கடைசி வரிசை வரைக்கும் கேக்குமா?